எஸ்விஎன்னிலிருந்து கிட்டுக்கு: பிராஞ்சுகளை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்ன ஆபீஸில், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத இரண்டு தம்பிகள் எஸ்விஎன் (கோட் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் மென்பொருள்) ரெப்போவை, அதாவது கோடும் வரலாறும் சேர்ந்த கிடங்கை, அதே வேலையைச் செய்யும் கிட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். 2017-ல் நான் அடித்த அதே கூத்து, அதே வரிசையில். பேக்கப் எடு, பாஸ்வேர்டை கமிட் பண்ணாதே (வரலாற்றில் பதியாதே) என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள்.

பிராஞ்சை எக்ஸ்போர்ட் பண்ணி ஒட்டுவது

நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. எங்களுடையது பில்லிங் மென்பொருள். செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறைக்கு ஒரு பிராஞ்ச் (அதே கோடின் தனிக் கிளை), ஜவ்வரிசி ஆலைக்கு ஒன்று என்று மொத்தம் 14. ஒவ்வொன்றையும், வரலாறு இல்லாமல் கோப்புகளை மட்டும் தரும் எஸ்விஎன் எக்ஸ்போர்ட்டில் எடுத்து, கிட்டில் தனித்தனி பிராஞ்சாக, முன்கதையே இல்லாத ஒற்றை கமிட்டாகப் போட்டேன். கிட் உள்ளடக்கத்தை வைத்துத்தான் கோப்பை அடையாளம் காணும், 14 பிராஞ்சிலும் ஒரே கோப்பு என்றால் ஒருமுறைதான் சேமிக்கும், இடம் பிடிக்காது என்று தைரியம். ஆனால் எங்கள் கோப்புகளின் தலையில் ஹெட்யூஆர்எல் கீவேர்டு (கோப்பின் முகவரியை எஸ்விஎன் நிரப்பும் இடம்) இருந்தது. எக்ஸ்போர்ட் அதை விரித்து அந்தந்த பிராஞ்சின் முகவரியை எழுதிவிடும். ஒரு எழுத்து மாறினாலும் கிட்டுக்கு அது வேறு கோப்பு. ஆக, எல்லாமே 14 தடவை.

கிட் ஜிசி என்ற சுத்தம் செய்யும் கட்டளையை ஓட்டியதும் டெல்டாவாக, அதாவது வித்தியாசம் மட்டுமாகச் சுருங்கியது, சரி, இடம் தப்பித்தது. ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. அந்தத் திருத்தத்தை மற்ற பிராஞ்சுகளுக்கு மெர்ஜ் பண்ண (இணைக்க) போனால் பொதுவான மூதாதை கமிட்டே இல்லை, கிட் மறுத்துவிட்டது. வற்புறுத்தினால் யாரும் தொடாத கோப்பில்கூட கான்ஃப்ளிக்ட், எது சரி என்று நாமே தீர்க்க வேண்டிய மோதல். அந்த ஞாயிறு ஏற்காடு போகலாம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன், மலையை ஆபீஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி. கடைசியில், எஸ்விஎன் வரலாற்றை கிட்டுக்கு எடுத்துவரும் கிட்-எஸ்விஎன் குளோனை, ட்ரங்க், பிராஞ்சஸ், டேக்ஸ் ஃபோல்டர்களைப் பிரித்தறியும் ஸ்டாண்டர்டு லேஅவுட் ஆப்ஷனோடு ஓட்டி, வரலாற்றோடு முதலிலிருந்து எடுத்தேன். அதில் கீவேர்டு விரியாமலே வரும். கமிட்டின் அடையாளமான ஹாஷ் எல்லாம் மாறியதால் ஆபீஸே புதிதாக குளோன் (முழு நகல்) எடுத்தது, எடுக்கும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை.

பெரிய ஜிப்பைக் கடைசி கமிட்டில் அழிப்பது

ஃபோல்டரில்தான் அழியும். வரலாற்றில் அப்படியே உட்கார்ந்து ஒவ்வொரு குளோனிலும் வரும். ரெப்போவை யாருக்கும் கொடுப்பதற்கு முன்பே, வரலாற்றிலிருந்தே கோப்பை நீக்கும் ஃபில்டர்-ரெப்போ கருவியை ஓட்டுங்கள்.

பிராஞ்சுக்கு ஒரு ரெப்போ

வேண்டாம்.

மாற்றியதும் அளவைப் பார்த்துப் பயப்படுவது

மாற்றும் கருவி ஃபாஸ்ட்-இம்போர்ட்டை (கிட்டில் மொத்தமாகத் தரவை ஏற்றும் கட்டளை) பயன்படுத்தினால், அது எழுதும் பேக் ஃபைல், அதாவது எல்லாம் சேர்த்துக் கட்டிய கோப்பு, வேகத்துக்காக எழுதியது, இறுக்கமாக இருக்காது. விண்டோவை (டெல்டாவுக்காக எத்தனை கோப்புகளோடு ஒப்பிடுவது என்ற எண்) வழக்கமான 10-லிருந்து 250-க்கு ஏற்றி, பழைய டெல்டாவை மறுபடி கணக்கிடச் சொல்லி முழு ரீபேக் (மறுகட்டு) ஓட்டுங்கள். நேரம் பிடிக்கும், ராத்திரி ஓடவிட்டு, காலையில் வந்து அளவைப் பாருங்கள்.