எஸ்எஸ்எச் டனலில் ரிமோட் டெஸ்க்டாப் வரவில்லையா? எந்தக் கண்ணி அறுந்தது என்று பாருங்கள்

வெளியிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்றதும் பலர் ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துப் பார்க்கிறார்கள், அல்லது ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை வெளியே திறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். 2019 மே மாதம் வெளிப்பட்ட புளூகீப் ஓட்டை, விண்டோஸ் 7 போன்ற பழைய பதிப்புகளில் பாஸ்வேர்டே கேட்காமல் இந்த வழியாக ஆளை உள்ளே விட்டது. திறந்து கிடக்கும் 3389-ஐத் தேடி அலையும் நிரல்கள் இன்றைக்கும் ஓயவில்லை. எஸ்எஸ்எச் என்ற மறையாக்கப்பட்ட இணைப்புக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பை அனுப்பும் டனல் போடுவதே இதைத் தடுக்கத்தான்.

ஆபீஸில் 192.168.1.20 முகவரியில் ஒரு விண்டோஸ் 11 ப்ரோ இருக்கிறது, அதே நெட்வொர்க்கில் எஸ்எஸ்எச் ஓடும் லினக்ஸ் சர்வர் ஒன்று, வெளியே உங்கள் லேப்டாப் என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பில் கொடுக்கும் கட்டளை (ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள், என், எல் இரண்டும் பெரிய எழுத்து):

எஸ்எஸ்எச் -என் -எல் 13389:192.168.1.20:3389 பயனர்@சர்வர்

பிறகு ரிமோட் டெஸ்க்டாப் செயலியில் 127.0.0.1:13389 என்று கொடுக்க வேண்டும். கோளாறை லேப்டாப்பிலிருந்து தேடத் தொடங்கினால் நேரம்தான் வீணாகும். கடைசி முனையான ஆபீஸ் கம்ப்யூட்டரில் தொடங்கி வெளியே வாருங்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்

அது ஹோம் பதிப்பு என்றால் தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம். ஹோம் பதிப்பிலிருந்து வேறு கம்ப்யூட்டருக்குப் போகலாம், அதற்குள் வர முடியாது. ப்ரோ என்றால் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ கொடுத்து, 3389-க்கு எதிரே ‘லிசனிங்’ என்று வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் செட்டிங்ஸில் ரிமோட் டெஸ்க்டாப் அணைந்திருக்கலாம், அல்லது போர்ட் எண் மாறியிருக்கலாம். கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு

லினக்ஸ் சர்வருக்குள் போய், என்சி -விஇசட் 192.168.1.20 3389 கொடுங்கள். ஃபயர்வாலா இல்லையா என்பதை இந்த ஒரு வரியின் பதிலே பெரும்பாலும் சொல்லிவிடும்.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று உடனே வந்தால் பாக்கெட் அந்த முகவரி வரை போயிருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை. ஒன்று ரிமோட் டெஸ்க்டாப் ஓடவில்லை, அல்லது போர்ட் எண்ணை யாரோ மாற்றியிருக்கிறார்கள். மறுப்பைச் சொல்லியே அனுப்பும் ஃபயர்வாலும் உண்டு, ஆனால் விண்டோஸ் ஃபயர்வால் வழக்கமாக அப்படிச் செய்யாது, சத்தமில்லாமல் பாக்கெட்டை விழுங்கிவிடும்.

நெடுநேரம் காத்திருந்து ‘டைம்டு அவுட்’ வந்தால் அந்த விழுங்கலாக இருக்கலாம். கம்ப்யூட்டர் தூங்கினாலும், ஐபி மாறிப்போனாலும் இணைப்பு கிடைக்காது (அப்போது பெரும்பாலும் ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ என்று வரும்) என்பதால் அந்த இரண்டையும் முதலில் விலக்கிவிடுங்கள். அடுத்து நெட்வொர்க் ப்ரொஃபைல். புது ரவுட்டர் வைத்ததும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு, ‘ப்ரைவேட்’டாக இருந்ததை ‘பப்ளிக்’ ஆக்கிவிடும். ரிமோட் டெஸ்க்டாப்புக்கான விதி ப்ரைவேட்டுக்கு மட்டும் இருந்தால் நேற்று வரை வந்தது இன்று வராது. ப்ரொஃபைலைத் திருப்பி மாற்றினால் போதும். போர்ட் எண்ணை நீங்களே மாற்றியிருந்தால், ஏற்கெனவே இருக்கும் விதி 3389-க்கு மட்டுமே. புது எண்ணுக்குத் தனியாக விதி எழுத வேண்டும்.

டனல்

இங்கே ஏமாறாத ஆள் குறைவு. லேப்டாப்பில் பவர்ஷெல்லின் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையால் 127.0.0.1:13389-ஐச் சோதித்தால், அந்தப் பக்கம் எல்லாம் செத்துக் கிடந்தாலும் ‘ட்ரூ’ என்றே வரும். அந்த இணைப்பை ஏற்றுக்கொள்வது உங்கள் லேப்டாப்பில் ஓடும் எஸ்எஸ்எச் நிரல்தான், ஆபீஸ் கம்ப்யூட்டர் அல்ல. ஆகவே அந்தச் சோதனையை நம்பாமல் -வி சேர்த்து டனலைத் திறந்து, ரிமோட் டெஸ்க்டாப்பில் இணைக்கும்போது அந்த ஜன்னலில் என்ன வருகிறது என்று படியுங்கள்.

‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி புரொஹிபிட்டட்’ என்றால் சர்வரின் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் அலவ்டிசிபிஃபார்வர்டிங் ‘நோ’ என்று இருக்கும், அல்லது பெர்மிட்ஓப்பன் வரி உங்கள் முகவரியை விடாது. ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்றால் 13389-ஐ முந்தைய டனல் இன்னும் பிடித்து வைத்திருக்கிறது. லேப்டாப் பக்கமும் 3389-ஐயே போடாமல் 13389 போட்டதற்குக் காரணம் இதேதான்: லேப்டாப்பிலும் ரிமோட் டெஸ்க்டாப் இயங்கினால் அந்தப் போர்ட் காலியாக இருக்காது.

கட்டளையின் நடுவில் வரும் 192.168.1.20 சர்வரின் கண்ணுக்குத் தெரியும் முகவரி. அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் அது சர்வரையே குறிக்கும்.

பாஸ்வேர்டு சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை

பயனர் பெயரை மட்டும் கொடுக்காமல் ‘கம்ப்யூட்டர்பெயர்\பயனர்’ என்று கொடுங்கள். சான்றிதழில் பெயர் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை டனலில் இயல்பு, ஏனெனில் நீங்கள் கூப்பிட்டது 127.0.0.1-ஐ. ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஈவென்ட் வியூவரில், செக்யூரிட்டி பகுதியில் 4625 பதிவாகியிருந்தால் டனலில் குறையில்லை. கோரிக்கை அதுவரை போய்ச் சேர்ந்து, நுழைவில்தான் தோற்றிருக்கிறது.

வருகிறது, ஆனால் நிற்கவில்லை

சில நிமிடம் சும்மா இருந்தால் அறுகிறது என்றால், வழியிலுள்ள ரவுட்டர் ஓய்ந்த இணைப்பை மறந்துவிடுகிறது. கட்டளையில் -ஓ சர்வர்அலைவ்இன்டர்வல்=30 சேருங்கள்.

நுழைந்ததும் கறுப்புத் திரையோடு உறைந்தால் எம்டியூவை (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவை) சந்தேகியுங்கள்: சின்னப் பாக்கெட் போகிறது, பெரியது வழியில் விழுகிறது. விண்டோஸில் பிங் -எஃப் -எல் 1472 என்று சர்வருக்கு அனுப்புங்கள் (28 பைட் தலைப்பு சேர்ந்து 1500). அது போகாமல் 1464 போனால் பாதையின் அளவு 1492, பிபிபிஓஇ இணைப்புகளில் இதுதான் வழக்கம். எஸ்எஸ்எச்சுக்குப் பதில் வயர்கார்டு என்ற விபிஎன் வைத்திருப்பவர்கள் எம்டியூவை 1280-க்கு இறக்கிப் பாருங்கள். சரியானால் அங்கிருந்து மெல்ல ஏற்றலாம். விபிஎன்னில் திரை விட்டுவிட்டு உறைவதற்கு யுடிபியும் காரணமாகலாம். லேப்டாப்பின் க்ரூப் பாலிசியில் ரிமோட் டெஸ்க்டாப் க்ளையன்ட்டுக்கு யுடிபியை அணைத்துப் பாருங்கள். எஸ்எஸ்எச் டனலில் இந்தத் தொல்லை கிடையாது, அதில் டிசிபி மட்டுமே போகும்.

ரவுட்டருக்கே பொது ஐபி இல்லாதபோது

ரவுட்டரின் வான் ஐபி (இணையப் பக்க முகவரி) 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது இணையச் சேவை நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபியில் வைத்திருக்கிறது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு எத்தனை முறை போட்டாலும் பயனில்லை. பொது ஐபி உள்ள ஒரு வாடகைச் சர்வரை எடுத்து, கம்ப்யூட்டரின் பக்கமிருந்தே தலைகீழ் டனல் போடுங்கள் (இங்கும் என், ஆர் பெரிய எழுத்து):

எஸ்எஸ்எச் -என் -ஆர் 13389:127.0.0.1:3389 பயனர்@வாடகைச்சர்வர்

லேப்டாப்பில்:

எஸ்எஸ்எச் -என் -எல் 13389:127.0.0.1:13389 பயனர்@வாடகைச்சர்வர்

வாடகைச் சர்வரில் கேட்வேபோர்ட்ஸ் ‘நோ’ என்றே இருக்கட்டும். ‘யெஸ்’ ஆக்கினால் 13389 உலகத்துக்கே திறந்துவிடும். இணைப்பு ஒருமுறை அறுந்த பிறகு ‘ரிமோட் போர்ட் ஃபார்வர்டிங் ஃபெயில்டு’ என்று வந்தால், பழைய தொடர்பு சர்வரில் இன்னும் சாகவில்லை. சர்வரில் க்ளையன்ட்அலைவ்இன்டர்வல் 30 வையுங்கள். கம்ப்யூட்டர் பக்கக் கட்டளையில் -ஓ எக்ஸிட்ஆன்ஃபார்வர்டுஃபெயிலியர்=யெஸ் சேர்த்து, டாஸ்க் ஷெட்யூலரில் நிமிடத்துக்கொரு முறை ஓடும்படியும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் புதிதாகத் தொடங்காதபடியும் அமையுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அந்த வேலை அப்படியே நின்றுவிடும், எனவே அதற்கு எஸ்எஸ்எச் சாவி போட்டாக வேண்டும்.