பல வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி?

பாவசங்கீர்த்தனம் என்றால் கத்தோலிக்கர்கள் குருவிடம் தங்கள் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. 11 வருடம் நான் பாவசங்கீர்த்தனத் தொட்டி, அதாவது கோவிலில் அதற்கென இருக்கும் சிறு கூண்டு, பக்கமே போகவில்லை. போன தவக்காலத்தில்தான் போனேன். என்னைப் போல விட்டுப்போனவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஆத்தும சோதனை. முந்தின நாள் இரவு பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மனதில் குத்துவதைத் தாளில் எழுதுங்கள். போனில் வேண்டாம், தாள் என்றால் முடிந்ததும் கிழித்துப் போடலாம். சாவான பாவமாக (தெரிந்தே மனதாரச் செய்த கனமான பாவமாக) இருந்தால் ஏறக்குறைய எத்தனை தடவை என்பதும் வேண்டும்.

தொட்டியில் முழங்காலிட்டதும், கடைசியாகச் செய்து எத்தனை வருடமாகிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். மீதியை ஃபாதரே எடுத்துக்கொடுப்பார். நேருக்கு நேர் உட்காரவும் செய்யலாம், எனக்குத் திரைக்குப் பின்னால் இருப்பதுதான் பிடிக்கும்.

அடுத்தது, பாவத்தைச் சொல்வது. நான் தடுமாறியது இங்கேதான். அம்மா இறந்த பிறகு அவர்களுடைய இரண்டு வளையலை அக்காவிடம் சொல்லாமல் நானே வைத்துக்கொண்டேன். அதைச் சொல்லப் போய், அக்கா அம்மாவைப் பார்க்க வராதது, ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க என் தலையில் விழுந்தது என்று பேசிக்கொண்டே போனேன். ஃபாதர் மெதுவாகக் கேட்டார்: "அது அக்கா கணக்கு. உங்க கணக்கு என்னம்மா?"

கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம் சொன்னேன்: "திருடினேன், ஃபாதர்." அந்த ஒரு சொல்லுக்குத்தான் 11 வருடம் பயந்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன், 'ஏனென்றால்' என்று வாயில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

பிறகு மனஸ்தாப மந்திரம் (பாவத்துக்காக வருந்திச் சொல்லும் செபம்), பாவமன்னிப்பு, அபராதமாக, அதாவது பரிகாரமாக, ஃபாதர் சொன்ன செபம். அதோடு தீராது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். பைபிளில் வரும் வரி வசூலிப்பவர் சக்கேயு, ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்கு தருவதாகச் சொன்னார். நான் அந்த வாரமே வளையல்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாங்கி பீரோவில் வைத்தாள். இன்னும் சரியாகப் பேசவில்லை.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், "எனக்கு அழுகையே வரவில்லை, என் மனஸ்தாபம் செல்லுமா?" என்று கேட்டிருந்தார். செல்லும். பாவத்தை வெறுத்து, இனி செய்யமாட்டேன் என்று தீர்மானித்தால் அதுவே மனஸ்தாபம். நரகத்துக்குப் பயந்து வரும் வருத்தத்தோடு போனாலும் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்பு உண்டு. மந்திரம் மறந்திருந்தால் ஃபாதரிடம் சொல்லுங்கள், அவர் சொல்லச் சொல்லச் சொல்லலாம்.