சீனியர் பெண்கள் ஆடிய செஸ் ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் படிப்பது எப்படி?

ஜார்ஜியாவின் நோனா காப்ரின்டாஷ்விலி 1962 முதல் 1978 வரை பெண்கள் உலக சாம்பியன். அதே நோனா 2022-ல், 81 வயதில், 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டத்தையும் வென்றார். புதிதாக ஆடப் பழகுபவர்களுக்கு இந்த சீனியர் போட்டிகளின் ஆட்டங்களைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பேன். என் அம்மா 58 வயதில் செஸ் கற்றுக்கொண்டதும் இப்படித்தான்.

முதலில், நிஜப் பலகையில் காய்களை அடுக்குங்கள். கணினி காட்டும் மதிப்பீடு வேண்டாம். அது விடையைச் சொல்லிவிடும், யோசிக்க விடாது.

அடுத்து, ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். நகர்வுப் பட்டியலை அட்டையால் மூடி, அவர் என்ன ஆடியிருப்பார் என்று ஊகித்து எழுதிய பிறகே அட்டையை ஒரு வரி இறக்குங்கள். ஊகம் தப்பினால் அங்கேயே நின்று காரணம் தேடுங்கள். 35-வது நகர்வை நெருங்கும்போது கூடுதல் கவனம் தேவை. 40 நகர்வுக்கு 90 நிமிடம் என்ற கணக்கில் ஆடும்போது, கடிகாரம் நெருக்கித் தவறுகள் வருவது பெரும்பாலும் அங்கேதான்.

ராணிகள் வெட்டுப்பட்டு, யானைகளும் போய், ராஜாவும் சிப்பாய்களும் மிஞ்சினால் பட்டியலை ஓரமாக வையுங்கள். அந்த இடத்துக்குத் தயாராக, இந்த நிலையை அடுக்கிப் பாருங்கள்: வெள்ளை ராஜா டி6 (எழுத்து மேல்கீழ் வரிசை, எண் குறுக்கு வரிசை), வெள்ளைச் சிப்பாய் இ6, கறுப்பு ராஜா இ8. வேறு காய் இல்லை.

இப்போது வெள்ளை ஆட வேண்டும் என்றால் சிப்பாய் இ7-க்குப் போகும். கறுப்பு ராஜாவுக்கு எஃப்7 மட்டும்தான் வழி. வெள்ளை ராஜா டி7-க்கு வந்துவிட்டால் சிப்பாய் ராணியாவதைத் தடுக்க ஆளில்லை.

சரி, அதே நிலையில் கறுப்பு ஆட வேண்டும் என்றால்? ராஜா டி8-க்கு வரும். சிப்பாய் இ7-க்குப் போனால் இம்முறை அது செக். ராஜா இ8-க்குத் திரும்பும். சிப்பாயைக் காக்க வெள்ளை ராஜா இ6-க்கு வந்தே ஆக வேண்டும். வந்தால் கறுப்புக்கு நகர இடமில்லை, ஆட்டம் டிரா.

அம்மா இதை மூன்று முறை டிரா ஆக்கினார். நான்காவது முறை சிப்பாயைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டு, “இப்ப யார் முறை?” என்று கேட்டார். அப்புறம்தான் நோனாவின் ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.