இளம் அணி பிளேஆஃப் போகுமா? ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்துவிட்டால் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். ரசிகர்களுக்குள் இந்தச் சண்டை ஆரம்பித்துவிடும். அணியில் முக்கியமான ஆட்டக்காரர்களுக்கு 22, 23 வயதுதான், தோல்விகள் குவிகின்றன, ஆனாலும் பிளேஆஃப் எனும் கோப்பைக்கான சுற்றுகளுக்குள் போக வழிவிடும் கடைசி இடம் (வைல்டு கார்டு) கைக்கு எட்டிவிடும் போலத் தெரிகிறது. "இந்த வருஷம் உள்ளே போய்விடுவோம்" என்கிறது ஒரு கூட்டம். "இருப்பவர்களை விற்றுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்" என்கிறது இன்னொரு கூட்டம். கவனித்தால் இவர்கள் ஒரே கேள்வியைப் பற்றிப் பேசவே இல்லை. ஏப்ரலில் இந்த அணி பிளேஆஃப் போகுமா என்பது ஒன்று, இது நல்ல அணியாக வளர்கிறதா என்பது வேறொன்று. முதலாவதுக்கு வரும் பதிலை இரண்டாவதுக்கும் ஒட்டிவிடுவதில்தான் பாதிக் குழப்பம்.

மீதிக் குழப்பம் கணக்கில் இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிடலாம். 20 வெற்றி, 18 தோல்வி, 7 ஓவர்டைம் தோல்வி என்று நிற்கும் அணியைப் பார்த்து "தோல்வியைவிட வெற்றி அதிகம், பாதிக்கு மேலே இருக்கிறோம்" என்று சொல்வார்கள். 45 ஆட்டத்தில் 25 தோற்ற அணி அது. ஜெயித்தால் இரண்டு புள்ளி, ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ தோற்றாலும் ஒரு புள்ளி கிடைப்பதால் பல ஆட்டங்களில் மொத்தம் மூன்று புள்ளிகள் பங்கிடப்படுகின்றன, அதனால் லீக்கின் சராசரியே ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல், ஏறத்தாழ 1.1. நம் அணியிடம் இருப்பது 47 புள்ளி. இதே வேகத்தில் 82 ஆட்டம் முடியும்போது 86-ல் போய் நிற்கும். 2025-ல் கிழக்குப் பிரிவின் கடைசி பிளேஆஃப் இடத்தை மான்ட்ரியால் 91 புள்ளியோடு பிடித்தது, 89 எடுத்த கொலம்பஸ் வெளியே நின்றது. அதே வருஷம் மேற்கில் 96 புள்ளி எடுத்தும் கால்கரி உள்ளே போகவில்லை. ஆக, 'பாதிக்கு மேல்' என்ற பேச்சை விட்டுவிட்டு, இந்த வேகத்தில் போனால் கடைசியில் எத்தனை புள்ளி வரும் என்று மட்டும் கேளுங்கள்.

இதைவிட மோசமாக ஏமாற்றுவது "எட்டுப் புள்ளிதானே பின்னால் இருக்கிறோம், நாலு ஆட்டம் ஜெயித்தால் போதும்" என்ற பேச்சு. நாம் துரத்தும் அணி சும்மா உட்கார்ந்திருக்காது. இன்னும் 30 ஆட்டம் பாக்கி, முன்னால் இருப்பவர்கள் ஆட்டத்துக்கு 1.15 என்ற சாதாரண வேகத்தில்தான் போகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு 34, 35 புள்ளி சேரும். நமக்கு 43 வேண்டும். அதாவது 30-ல் 20 வெற்றி, 7 தோல்வி, 3 ஓவர்டைம் தோல்வி. முழு சீசனுக்கு விரித்தால் அது 117, 118 புள்ளி எடுக்கும் அணியின் வேகம். லீக்கிலேயே முதலிடத்துக்குப் போட்டி போடும் அணிகள் ஆடுவது அப்படித்தான். இதில் இடையில் நிற்கும் அணிகளை நான் சேர்க்கவே இல்லை. நமக்கும் அந்த இடத்துக்கும் நடுவே மூன்று அணிகள் இருந்தால், அந்த மூன்றும் சேர்ந்தாற்போல் தடுமாற வேண்டும், அவர்கள் ஒருவரோடொருவர் ஆடும் இரவுகளில் யாராவது ஒருவருக்கு இரண்டு புள்ளி நிச்சயம். நவம்பர் கடைசியில், அமெரிக்காவின் தேங்க்ஸ்கிவிங் சமயத்தில் பிளேஆஃப் இடத்தில் இருக்கும் அணிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று கடைசி வரை அங்கேயே இருந்துவிடுவது இதனால்தான்.

புள்ளி சமமானால் என்ன ஆகும் என்பதையும் பலர் பார்ப்பதில்லை. முதலில் பார்ப்பது 60 நிமிட ஆட்டத்துக்குள் பெற்ற வெற்றிகளை. 2024-ல் டெட்ராய்ட், வாஷிங்டன் இரண்டுக்கும் 91 புள்ளி. மொத்த வெற்றியில் டெட்ராய்ட் 41, வாஷிங்டன் 40. ஆனால் உள்ளே போனது வாஷிங்டன், வாங்கிய கோல்கள் அடித்ததைவிட 37 அதிகம் என்ற நிலையிலும். இளம் அணிகள் மூன்றுக்கு மூன்று ஓவர்டைமில் வேகத்தால் நிறைய ஜெயிக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும், ஆனால் சமநிலை வரும்போது அந்த வெற்றிகள் முதல் கணக்கில் வராது.

அடுத்தது, "2019-ல் செயின்ட் லூயிஸ் செய்யவில்லையா?" இது எல்லா வருஷமும் எல்லா அணிக்கும் சொல்லப்படுகிறது. 2019 ஜனவரி 3 காலையில் அவர்கள் லீக்கிலேயே கடைசி, ஜூனில் லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை அவர்கள் கையில். உண்மைதான். ஆனால் அந்த அணியில் ரயான் ஓ'ரைலி, பியட்ராஞ்சலோ, டாரசென்கோ மாதிரி தேர்ந்த ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். கோப்பைக்கு ஆடவே கட்டப்பட்ட அணி அது, கோல்கீப்பர் இடத்தில்தான் ஓட்டை. ஜனவரி 7-ல் ஜோர்டன் பின்னிங்டன் முதல் முறையாக ஆரம்பத்திலிருந்தே வலை காத்து ஒரு கோல்கூட விடாமல் ஜெயித்தார், அதன் பிறகு கதை மாறியது. 21 வயதுப் பையன்கள் பாதுகாப்பில் தடுமாறும் அணிக்கு இந்த உதாரணம் பொருந்தாது. பொருத்தமானது வேண்டும் என்றால் கொலராடோவைப் பாருங்கள்: 2016-17-ல் வெறும் 48 புள்ளி, அடுத்த வருஷம் 95, தங்கள் கடைசி ஆட்டத்தில் செயின்ட் லூயிஸையே வென்று உள்ளே போனார்கள். அவர்களுக்குத் திருப்பம் ஒரு மாதத்தில் வரவில்லை, ஒரு முழு வருஷம் பிடித்தது. இளம் அணி ரசிகர்கள் நம்பிக்கை வைக்க வேண்டிய கால அளவு அதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தொடர் வெற்றியைப் பார்த்து மயங்குவதும் இதே வகை. 2018 நவம்பரில் பஃபலோ தொடர்ந்து 10 ஆட்டம் ஜெயித்து லீக்கின் உச்சியில் இருந்தது. சீசன் முடிந்தபோது 76 புள்ளி, பிளேஆஃப் இல்லை. இப்படிப்பட்ட ஓட்டம் வரும்போது இரண்டு எண்களைப் பாருங்கள்: அணி அடிக்கும் ஷாட்டுகளில் எத்தனை சதவீதம் கோலாகிறது, கோலி (கோல்கீப்பர்) எத்தனை சதவீதம் தடுக்கிறார். இரண்டையும் கூட்டினால் லீக் முழுக்கச் சராசரி 100 வரும். அதைவிட வெகுவாக மேலே இருக்கும் அணி கீழே வந்துவிடும், கீழே இருக்கும் அணி மெல்ல ஏறும். 2013-14-ல் 112 புள்ளி எடுத்த கொலராடோ, பக்கை (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) தன் வசம் வைத்திருப்பதில் எதிரணிகளைவிடப் பின்தங்கியேதான் இருந்தது. அடுத்த வருஷம் 90 புள்ளியோடு வெளியே. தோற்றுக்கொண்டிருக்கும் இளம் அணிக்கும் இந்த அளவுகோலை நேர்மையாக வையுங்கள். பக் அவர்களிடம் அதிகம் இருந்து, ஷாட் மட்டும் கோலாகாமல் இருந்தால் அது நல்ல செய்தி.

கோலியைப் பற்றி ஒரே வார்த்தை. ஆட்டத்துக்கு 30 ஷாட் வருகிறது என்றால், 90 சதவீதம் தடுப்பவருக்கும் 91.5 சதவீதம் தடுப்பவருக்கும் 82 ஆட்டத்தில் 37 கோல் வித்தியாசம். ஆறு கோலுக்கு ஒரு வெற்றி என்ற வழக்கமான கணக்கில் அது ஆறு வெற்றி, 12 புள்ளி. இளைஞர்களைத் திட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இளம் டிஃபென்ஸ்மேன்களைக் கோல் நேரத்தில் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் தவறு. தவறு அவன் கையில் தெரிகிறது, ரீப்ளேயில் பத்து முறை காட்டுகிறார்கள், உடனே "இவன் தேறமாட்டான்". அதற்குப் பதிலாக இதைப் பாருங்கள்: தன் வலைக்குப் பின்னால் கிடக்கும் பக்கை எடுக்க ஓடும்போது, முதுகுக்குப் பின்னால் எதிராளி பாய்ந்து வருகிறான். பக்கைத் தொடுவதற்கு முன் பையன் தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறானா? எடுத்ததும் மைதானத்தைச் சுற்றியுள்ள கண்ணாடியில் அடித்து வெளியே தள்ளுகிறானா, நடுவில் நிற்கும் சென்டருக்குத் தட்டிவிடுகிறானா? அக்டோபரில் தள்ளிக்கொண்டிருந்தவன் பிப்ரவரியில் பாஸ் கொடுக்கிறான் என்றால் அவன் வளர்கிறான், ஸ்கோர் என்னவாக இருந்தாலும். அப்புறம், ஒரு கோல் முன்னிலையில் கடைசி ஐந்து நிமிடம் பயிற்சியாளர் அவனை இறக்குகிறாரா என்பதும். டிஃபென்ஸ்மேன் லேன் ஹட்சன், இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் 2022 தேர்வில் (டிராஃப்ட்) 62-வது ஆளாக எடுக்கப்பட்டவர், உருவம் சிறியது என்று பலர் ஒதுக்கினார்கள். 2024-25-ல் முதல் முழு சீசனிலேயே 66 புள்ளி (கோலும் அசிஸ்டும் சேர்த்து) எடுத்து, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை வாங்கினார்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: "தோற்றால்தான் நல்லது, முதல் தேர்வு கிடைக்கும்." தேர்வு வரிசையைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது, இப்போதைய விதியில் கடைசி இடத்து அணிக்கே முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு 25.5 சதவீதம்தான். பஃபலோ 2014-லும் 2015-லும் கடைசியாக முடித்தது, இரண்டு முறையும் இரண்டாவது தேர்வுதான் கிடைத்தது, 2015-ல் எல்லாரும் ஆசைப்பட்ட கானர் மெக்டேவிட் முதல் தேர்வாக எட்மன்டன் போனார். பஃபலோ எடுத்த ரைன்ஹார்ட்டும் ஐகெலும் பின்னால் வேறு அணிகளுக்குப் போய்க் கோப்பை வென்றார்கள். பஃபலோவோ 2011-க்குப் பிறகு 2025 வரை 14 சீசன் பிளேஆஃப் பார்க்கவில்லை. தோல்விக்குப் பழகிய உடைமாற்று அறையில் 19 வயதுப் பையனை வைத்து வளர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கடைசியாக, அணிகள் ஆட்டக்காரர்களைக் கைமாற்றிக்கொள்வதற்கான மார்ச் மாத வர்த்தகக் காலக்கெடு. வாங்கு அல்லது விற்றுவிடு, இரண்டே வழி என்று எல்லாரும் கத்துவார்கள். சும்மா இருப்பதும் ஒரு முடிவுதான். 2025-ல் மான்ட்ரியால் எதிர்காலத் தேர்வுகளைக் கொடுத்து வயதான நட்சத்திரத்தை வாங்கவில்லை, ஒப்பந்தம் முடியவிருந்த ஜேக் எவன்ஸை விற்கவும் இல்லை, புது ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொண்டது. சீசன் தொடக்கத்தில் கிழக்கின் அடியில் கிடந்த அந்த அணி தன் கடைசி ஆட்டத்தில் கரோலைனாவை வென்று உள்ளே போனது. முதல் சுற்றில் வாஷிங்டனிடம் ஐந்து ஆட்டத்தில் தோற்றது, ஆனால் ஒரு தேர்வைக்கூட வீணாக்காமல் அந்த அனுபவம் பையன்களுக்குக் கிடைத்துவிட்டது.