கீஃப்ரேம் இன்டர்பொலேஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அனிமேஷனில் புதிதாகப் பழகுபவர்களின் பிளெண்டர் (3டி மென்பொருள்) ஃபைலைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே நிலைமைதான். போஸ் நன்றாக இருக்கும், டைமிங்கும் ஓரளவு சரியாக இருக்கும். ஒரு கீயிலிருந்து (ஒரு ஃப்ரேமில் பதிந்த மதிப்பு) அடுத்த கீக்கு எப்படிப் போக வேண்டும், அதாவது இன்டர்பொலேஷன் என்ன என்பதை மட்டும் யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். சாஃப்ட்வேர் கொடுத்த பெசியரும் (வழவழப்பான வளைவு) ஆட்டோ கிளாம்ப்டு ஹேண்டிலும் (வளைவின் சாய்வைத் தானாகவே அமைக்கும் பிடி) அப்படியே கிடக்கும். ஒரு கீயில் பந்து தரையில் மோதுகிறதா, உச்சியில் திரும்புகிறதா என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரி வழவழப்பாக்கிவிடும். கீ வைக்க மறப்பது, தவறான சேனலில் (எக்ஸ், ஒய் போல ஒவ்வொரு மதிப்புக்கும் உள்ள தனி வளைவு) வைப்பது எல்லாம் தானாகவே கண்ணில் பட்டுவிடும். அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

வளைவைத் திருத்தாமல் இடையில் கீ செருகுவது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதில் வீணாகும் நேரம் அவ்வளவு.

24 எஃப்பிஎஸ்ஸில் (விநாடிக்கு 24 ஃப்ரேம்) 1 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பந்து விழுகிறது. கீழே வர சுமார் 0.45 விநாடி, அதாவது 11 ஃப்ரேம். 1ஆம் ஃப்ரேமில் ஒரு கீ, 12ஆம் ஃப்ரேமில் ஒரு கீ, இரண்டே போதும். ஆட்டோ கிளாம்ப்டில் விட்டால் இரு முனையும் தட்டையாகிவிடும். 6ஆம் ஃப்ரேமில் பந்து 21 செ.மீ. இறங்கியிருக்க வேண்டும், ஆனால் 40 செ.மீ.க்கு மேல் இறங்கியிருக்கும். கடைசி ஒரு ஃப்ரேமில் 17 செ.மீ. பாய வேண்டிய பந்து ஏறக்குறைய 2 செ.மீ.தான் நகரும். லிஃப்ட் தரைதளத்தில் வந்து நிற்பது போல மெதுவாக உட்காரும்.

இதைப் பார்த்ததும் பலரும் செய்வது: 9, 10, 11ஆம் ஃப்ரேம்களில் புதிய கீ வைத்து, பந்தைக் கையால் மேலே தூக்கி வைப்பது. அப்படியும் அசைவு குலுங்கும். அதைச் சரிசெய்ய 5இலும் 7இலும் இன்னும் இரண்டு. லொகேஷன் மொத்தத்துக்கும் கீ வைத்தால் எக்ஸ், ஒய் சேனல்களிலும் தேவையில்லாத கீகள் குவியும். மறுநாள் இயக்குநர், "பந்து ஒன்றரை மீட்டரிலிருந்து விழட்டும்" என்பார். நேரம் 13 ஃப்ரேம் ஆகிறது. இரண்டு கீ இருந்தால் இரண்டு எண்ணை மாற்றி, ஹேண்டிலைச் சரிசெய்தால் முடிந்தது. ஏழு கீ இருந்தால் ஏழையும் மறுபடி உட்கார்ந்து வைக்க வேண்டும். ஒரு துள்ளலுக்கே இவ்வளவு என்றால், முழு உடலுக்கு எத்தனை மணி நேரம் போகும் என்று பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். கிராஃப் எடிட்டரில் (வளைவுகளைத் திருத்தும் இடம்) தரை தொடும் கீயைத் தேர்ந்தெடுத்து 'வி' அழுத்தி ஃப்ரீ கொடுங்கள். இனி இடது ஹேண்டிலும் வலது ஹேண்டிலும் தனித்தனியாகத் திரும்பும். மேல் கீயின் வலது ஹேண்டில் கிடையாக, இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் இருக்கட்டும். தரைக் கீயின் இடது ஹேண்டிலும் அதே மூன்றில் ஒரு பங்கு தள்ளி, ஆனால் விழும் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மேலே இருக்க வேண்டும். நம் பந்துக்கு முதல் ஹேண்டில் ஃப்ரேம் 4.67, மதிப்பு 1. இரண்டாவது ஃப்ரேம் 8.33, மதிப்பு 0.67. 'என்' பேனலின் எஃப்-கர்வ் டேபில் இந்த எண்களை நேரடியாகத் தட்டலாம். ஈர்ப்பு விசையின் பரவளையம் அப்படியே வரும். வெக்டர் ஹேண்டில் (பக்கத்துக் கீயை நேராக நோக்கும் வகை) வைத்தால் கூர்மை கிடைக்கும், ஆனால் மோதும் வேகம் இருக்க வேண்டியதில் பாதிதான்.

ஹேண்டிலைத் தொடவே வேண்டாம் என்றால் 'டி' அழுத்தி குவாட்ராடிக், பிறகு கன்ட்ரோல் + 'இ' அழுத்தி ஈஸ் இன் (மெதுவாகத் தொடங்கி வேகமெடுப்பது). மேலே எழும்போது ஈஸ் அவுட் (வேகமாகத் தொடங்கி மெதுவாவது). இன்டர்பொலேஷன் எப்போதும் அந்தத் துண்டைத் தொடங்கும் கீயோடு சேர்ந்தது. விழுவதை மாற்ற உச்சிக் கீயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தரைக் கீயைத் தேர்ந்தெடுத்துவிட்டு "ஒன்றுமே மாறவில்லையே" என்று தேடுபவர்கள் நிறைய.

பிளாக்கிங் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே அடியாக பெசியர் ஆக்குவது

பிளாக்கிங் என்பது முக்கிய போஸ்களை மட்டும் வைக்கும் கட்டம். அப்போது பயன்படும் கான்ஸ்டன்ட்டில் (மாயாவில் ஸ்டெப்டு, ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஹோல்டு) அடுத்த கீ வரை மதிப்பு மாறாது. 1இலும் 13இலும் போஸ் இருந்தால், கண் பார்ப்பது 12 ஃப்ரேம் நிற்பதும் சட்டென்று மாறுவதும். பெசியர் ஆக்கியதும் அந்த 12 ஃப்ரேமும் நகர்வாகிவிடும், கதாபாத்திரம் தண்ணீருக்குள் மிதக்கும். மாற்றும் முன்பே முதல் போஸை ஷிஃப்ட் + 'டி' கொண்டு நகலெடுத்து 9ஆம் ஃப்ரேமில் வையுங்கள். நிற்பது 8 ஃப்ரேம், நகர்வது 4.

ஊன்றிய கால் வழுக்குவது

இரண்டு கீயிலும் ஒரே மதிப்பு, ஆனால் நடுவில் கால் நகர்கிறது. ஹேண்டில் ஆட்டோமேட்டிக்கிலோ அலைண்டிலோ (இரு ஹேண்டிலும் ஒரே கோட்டில் இருப்பது) இருக்கிறது. முந்தைய வேகத்தைத் தொடர்ந்து வளைவு மதிப்பைத் தாண்டிப் போய்த் திரும்புகிறது. இரண்டையும் தேர்ந்தெடுத்து ஆட்டோ கிளாம்ப்டு அல்லது வெக்டர்.

கையிலிருந்து மேஜைக்குப் போகும் பொருள்

ஒரு பொருளை இன்னொன்றோடு பிணைப்பது கன்ஸ்ட்ரெயின்ட், அந்தப் பிணைப்பின் அளவு இன்ஃப்ளுயன்ஸ். கன்ஸ்ட்ரெயின்ட் இன்ஃப்ளுயன்ஸ் எப்போதும் கான்ஸ்டன்ட். பெசியரில் விட்டால் கோப்பை சில ஃப்ரேம்கள் கைக்கும் மேஜைக்கும் நடுவே அந்தரத்தில் நிற்கும்.

சுழற்சி

ஆய்லரில் (சுழற்சியை மூன்று கோணங்களாக வைக்கும் முறை) 179 டிகிரிக்கு அடுத்த கீ −179 என்றால், 2 டிகிரி திரும்ப வேண்டியது 358 டிகிரி பின்னோக்கிச் சுற்றும். கிராஃப் எடிட்டரில் உள்ள டிஸ்கன்டினியூட்டி ஃபில்டர் இதைச் சரிசெய்யும். குவாட்டர்னியனில் (சுழற்சியை நான்கு எண்களாக வைக்கும் முறை) நான்கு சேனலும் சேர்ந்துதான் ஒரு திருப்பம். ஒன்றின் ஹேண்டிலை மட்டும் இழுத்தால் எலும்பு எதிர்பாராத பக்கம் சாயும்.

எலாஸ்டிக், பவுன்ஸ்

ஸ்பிரிங் போல ஆடியோ பந்து போலத் துள்ளியோ நிற்கும் இன்டர்பொலேஷன் வகைகள் இவை. எழுத்து, லோகோ, பட்டன் ஆகியவற்றுக்குச் சரி. மனித உடலுக்கு வேண்டாம்.

லூப்பில் ஒரு தடங்கல்

24 ஃப்ரேம் நடைக்கு முதல் போஸ் 1இல், அதே போஸ் 25இல், பிளேபேக் 1 முதல் 24 வரை. 25ஐயும் சேர்த்தால் ஒரே படம் இரண்டு முறை வந்து கால் இடறும். அதைச் சரியாக வைத்தும் தடங்கல் இருந்தால், முதல் கீயிலும் கடைசிக் கீயிலும் ஆட்டோ ஹேண்டில் தட்டையாகியிருக்கும். ஷிஃப்ட் + 'இ' அழுத்தி மேக் சைக்ளிக் கொடுங்கள், இரு முனையின் சாய்வும் ஒன்றோடொன்று பொருந்தும்.

டிஃபால்ட்டை மாற்றிவிட்டு பழைய கீ மாறும் என்று காத்திருப்பது

பிரிஃபரன்ஸஸ், அனிமேஷன், எஃப்-கர்வ்ஸ் பகுதியில் உள்ள அமைப்பு இனி வைக்கும் கீகளுக்கு மட்டுமே. ஏற்கெனவே வைத்தவற்றை 'ஏ' அழுத்தித் தேர்ந்தெடுத்து 'டி' கொண்டு மாற்றுங்கள். அதற்கு முன் கோப்பையின் கன்ஸ்ட்ரெயின்ட் சேனலைப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் பெசியர் ஆகிவிடும்.