பாக்கு மட்டைத் தட்டு: கடலூரில் செய்து விற்க

தட்டு அழுத்தும் மெஷின் வாங்கும் முன் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்விடுங்கள். பிஎம்இஜிபி (மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டம்) மானியம் புதிய தொழிலுக்குத்தான். ஓட ஆரம்பித்த யூனிட்டுக்குக் கிடைக்காது. உத்யம் பதிவுக்கு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) காசில்லை, கேட்கிறவரிடம் ஏமாறாதீர்கள்.

மட்டையை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, கால் மணி நேரம் ஊறவைத்து, செங்குத்தாக நிறுத்தித் தண்ணீரை வடியவிடுங்கள். பிறகு மெஷினின் சூடான அச்சில் வைத்து அழுத்துங்கள். ஊறல் குறைந்தால் அச்சில் மடிப்பு விழும் இடத்தில் வெடிக்கும். கூடினால் தட்டு உலராமல் வளையும், பிறகு பூஞ்சை. நம் ஊர்த் தலைவலியே இதுதான்: ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்காற்று ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். வெயிலை நம்பாமல் சூடான காற்று வீசும் உலர்த்தி வையுங்கள். தட்டு ஆறியபின்தான் பாக்கெட்டை ஒட்ட வேண்டும். சூட்டோடு ஒட்டினால் உள்ளே வியர்த்து, ஒரே வாரத்தில் கரும்புள்ளி வரும். வெளுப்பாக்க கந்தகப் புகை போடுகிறவர்கள் உண்டு. சோறு போடும் தட்டுக்கு அது வேண்டாம்.

ஒவ்வொரு கட்டிலும் ஒரு தட்டை எடுத்து, கொதிக்கும் சாம்பார் ஊற்றி அரை மணி நேரம் வையுங்கள். அடியில் ஈரம் கசிந்தால் அந்தக் கட்டு சந்தைக்குப் போகக்கூடாது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தட்டுக்குத் தடை இருந்தாலும், பந்தியில் உங்களுக்குப் போட்டி வாழை இலைதான். அதனால் முழுச் சாப்பாட்டை விட்டுவிட்டு டிபன், சாட், பஃபே பக்கம் போங்கள். திருப்பாதிரிப்புலியூர் சமையல் கான்ட்ராக்டர்களுக்கு 25 தட்டு சாம்பிள் கொடுங்கள். ஆர்டருக்குப் பாதி முன்பணம் கட்டாயம். ஏற்றுமதிக் கனவை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்: அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-ல் பாக்கு மட்டைத் தட்டுக்கு எதிராக எச்சரித்திருக்கிறது.