ஷெட்டுக்கு வெளியே எஞ்சின் சக்கரமும் டிராக்‌ஷன் மோட்டாரும் மாற்றுவது எப்படி

எஞ்சின் பராமரிக்கும் ஷெட்டிலிருந்து தள்ளி, நடுவழியில் ஒரு எஞ்சினின் ஆக்சில் (இரண்டு சக்கரங்களை இணைக்கும் அச்சு) இறுகி நின்றுவிட்டால், "கிரேன் எப்போது கிளம்பும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது மூன்று: எந்த ஆக்சில், பிரேக் விட்டிருக்கிறதா, கியர் கேஸ் (பல்சக்கரங்களை மூடியிருக்கும் பெட்டி) சூடாக இருக்கிறதா? இதற்குப் பதில் கிடைக்காமல் கிரேனைக் கிளப்பினால் பாதி நேரம் வீண் அலைச்சல்தான். ரிப்பேர் கேங்கில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தூக்குவது இந்த வேலையில் சின்னப் பகுதி. அதற்கு முன் எடுக்கும் முடிவும், தூக்கி இறக்கியபின் பார்க்கும் சரிபார்ப்பும்தான் உண்மையான வேலை.

டிராக்‌ஷன் மோட்டார், அதாவது ஆக்சிலைச் சுழற்றும் மின்மோட்டார், எப்படித் தொங்குகிறது என்பதை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது. பெரும்பாலான சரக்கு எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு பக்கம் சஸ்பென்ஷன் பேரிங் வழியாக ஆக்சிலின் மேலேயே உட்கார்ந்திருக்கும். எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு, போகி சட்டத்தில் ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே தங்கும். (போகி என்று இங்கே சொல்வது ரயில் பெட்டியை அல்ல; எஞ்சின் உடலுக்கு அடியில் சில ஆக்சில்களைச் சேர்த்துத் தாங்கும் சக்கர அமைப்பை.) 1888-ல் ரிச்மண்ட் நகரில் ஓடத் தொடங்கிய டிராம்களில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் பயன்படுத்திய ஏற்பாடு இது. இன்றும் உயிரோடு இருக்கிறது. மோட்டார் ஷாஃப்ட்டில் சின்ன பினியன், ஆக்சிலில் பெரிய பல்சக்கரம், இரண்டும் எப்போதும் பிணைந்தே இருக்கும். அதனால் மோட்டாரின் மின்சாரத்தை வெட்டிவிட்டாலும் பூட்டு விடாது. ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) பேரிங் இறுகியிருந்தால் சக்கரம் சுழலாமல் தண்டவாளத்தில் இழுபடும், அடிப்பக்கம் தட்டையாகத் தேயும்.

இறுகிய ஆக்சிலைக் கண்டுபிடிக்கச் சாக்பீஸ் போதும். பிரேக்கை விட்டு, கட்டைகள் சக்கரத்தை விட்டு விலகியிருக்கின்றனவா என்று கையால் தட்டிப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு சக்கரத்தின் முகத்திலும் நேர் மேலே ஒரு கோடு போட்டு, எஞ்சினை இரண்டு மீட்டர் மட்டும் நகர்த்தச் சொல்லுங்கள். எல்லாக் கோடும் சாய்ந்திருக்க ஒன்று மட்டும் நேராக நின்றால் அதுதான் உங்கள் ஆள். எல்லாம் சுழல்கிறது, ஆனால் ஒரு மோட்டார் மட்டும் சுமையில்லாமல் அலறுகிறது என்றால் பினியன் ஷாஃப்ட்டிலிருந்து நழுவியிருக்கலாம். அதையும் அப்படியே ஓட்டக்கூடாது.

சரி, அங்கேயே மாற்ற வேண்டுமா? பல நேரம் வேண்டாம். மோட்டார் மட்டும் இறுகி, ஆக்சில் பேரிங்குகள் நன்றாக இருந்தால், கியர் கேஸின் கீழ்ப்பாதியைக் கழற்றி, கேஸ் டார்ச்சால் பினியனை வெட்டி எடுத்துவிட்டால் சக்கரம் விடுபட்டுவிடும். மெதுவாக ஷெட்டுக்கு இழுத்துப் போகலாம். கியர் கேஸுக்குள் இருக்கும் கிரீஸைச் சுத்தமாக வழித்தெடுக்காமல் தீ காட்டாதீர்கள். பற்றிக்கொண்டால் மோட்டார் கேபிளையும் சேர்த்துத் தின்றுவிடும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சுடர் ஆக்சில் பக்கம் திரும்பவே கூடாது, சூடு பட்ட ஆக்சிலை மறுபடி நம்ப முடியாது. ஆனால் எரிந்துபோனது ஆக்சில் பாக்ஸ் பேரிங்கோ சஸ்பென்ஷன் பேரிங்கோ என்றால், அல்லது ஃபிளாஞ்ச் (சக்கரத்தின் உள் விளிம்பு) உடைந்திருந்தால், பினியனை வெட்டிப் பயனில்லை. பாதிக்கப்பட்ட சக்கரத்துக்கு அடியில் சிறிய தள்ளுவண்டி கொடுத்து ஊர்ந்து போகலாம், அல்லது அங்கேயே மாற்றலாம்.

மாற்றுவது என்று முடிவானால் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நேரான, சமமான பாதை வேண்டும். வளைவில் ஒரு தண்டவாளம் உயர்ந்திருக்கும். அங்கே தூக்கினால் எஞ்சின் சாய்ந்தபடியே எழும். லாரி வந்து நிற்கக்கூடிய பக்கவாட்டுப் பாதை கிடைத்தால், அதுவரை தள்ளிக்கொண்டு போக ஒரு மணி நேரம் ஆனாலும் போங்கள்.

தொடும் முன் செய்ய வேண்டியதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. உங்கள் பாதையோடு பக்கத்துப் பாதையையும் அடைத்துவிட வேண்டும்; கிரேனின் கை அங்கேயும் திரும்பும். மேலே மின்கம்பி இருந்தால் மின்சாரத்தை நிறுத்தியது மட்டும் போதாது, இரண்டு பக்கமும் எர்த் செய்து, அதை எழுத்தில் உறுதியாக வாங்கிய பிறகுதான் கிரேன் கை உயரலாம். டீசல் எஞ்சினை அணைத்து பேட்டரி சுவிட்சைத் திறந்து இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இன்வெர்ட்டர் (மோட்டாருக்கு ஏசி மின்சாரம் தரும் கருவி) உள்ள எஞ்சினில் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்து மீட்டரால் அளந்து பாருங்கள். தூக்காத பக்கத்து போகியின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு அடியுங்கள்.

அடுத்தது கழற்றுதல். டிசி மோட்டாரில் நான்கு கேபிள், ஏசி மோட்டாரில் மூன்று. பேப்பர் டேப்பில் எழுதி ஒட்டினால் எண்ணெய் பட்டு உதிர்ந்துவிடும். எண் அடித்த தகடாகக் கட்டிவிடுங்கள். காற்றுக்குழாயின் பெல்லோஸ் (மடிப்பு உறை), வேக சென்சார், சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தில் மணல் தூவும் மணல் குழாய், பிரேக் கம்பிகள், ஆக்சில் முனை எர்த் பிரஷ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, நட்டு போல்ட்டை ஆக்சில் வாரியாகத் தனித்தனி டப்பாவில் போடுங்கள்.

தூக்க இரண்டு வழி. உடலை மட்டும் தூக்கி, போகியை முழுதாக உருட்டி வெளியே எடுத்து, சட்டத்தைப் பிரித்து மாற்றுவது ஒன்று. போகி சட்டத்தை உடலோடு கட்டி இரண்டையும் சேர்த்து உயர்த்தி, சக்கரங்களைத் தண்டவாளத்திலேயே விட்டுவிடுவது மற்றது. இடமும் கிரேனும் இருந்தால் நான் முதல் வழியைத்தான் எடுப்பேன், எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஜாக்கி மட்டும்தான், மாற்ற வேண்டியதும் ஓர ஆக்சில் என்றால் இரண்டாவது வழி சுலபம். நடு ஆக்சில் என்றால் ஓரத்தில் இருப்பதை முதலில் உருட்டி எடுத்தாக வேண்டும்.

ஆறு ஆக்சில் எஞ்சின் பலவும் 110, 120 டன்னுக்கு மேல் இருக்கும். ஒரு முனையைத் தூக்கினாலே பல பத்து டன் எடை உங்கள் கையில். ஜல்லி அந்த எடையைத் தாங்காது, ஜாக்கியின் கால் உள்ளே புதையும். கெட்டியான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அகலமாக அடுக்கி, மேலே இரும்புத் தகடு வைத்து, அதன்மேல் ஜாக்கி. எஞ்சினின் அடிச்சட்டத்தில் ஜாக்கிக்கென்று குறித்த இடம் தவிர வேறு எங்கும் வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகவே எழ வேண்டும். ஜாக்கி எழ எழ கட்டை பின்தொடர வேண்டும், இடைவெளி ஒரு விரல் அளவைத் தாண்டக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் தலையை நீட்டக்கூடாது.

இப்போது அந்த மூக்கு. மோட்டார் மட்டும் இரண்டரை டன்னுக்குமேல் இருக்கும். சக்கரத்தோடு சேர்த்தால் ஐந்து டன்னைத் தொடும். போகி சட்டம் மேலே போனவுடன் மூக்குக்குப் பிடிமானம் போய்விடும், ஆக்சிலைச் சுற்றி மோட்டார் அப்படியே கீழே சுழன்று ஸ்லீப்பரில் மோதும். இடையில் கை இருந்தால் கையே இருக்காது. அதனால் தூக்கத் தொடங்குமுன்பே மூக்குக்கு அடியில் உருளை வைத்த முட்டு கொடுத்து, அதன்மேல் எடை இறங்கிவிட்டதா என்று பார்த்து விடுங்கள். நான் ஒரு ஆளை அந்த மூக்கைப் பார்ப்பதற்கென்றே நிறுத்துவேன், அவருக்கு வேறு வேலை தரமாட்டேன். வெளியே உருட்டும்போதும் முட்டு கூடவே உருள வேண்டும்.

லாரியில் வந்த புதிய சக்கர-மோட்டார் ஜோடியை இறக்கியவுடனே மாட்டிவிடாதீர்கள். கியர் விகிதம் மற்ற ஆக்சில்களோடு ஒத்துப்போகிறதா என்று பல் எண்ணிப் பாருங்கள். ஒரே எஞ்சினில் வேறு விகிதம் வந்தால் மோட்டார்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். சக்கர விட்டத்தை அளந்து பாருங்கள். இணையாக இணைத்த மோட்டார்களில் பெரிய சக்கரம் உள்ள மோட்டார் மெதுவாகச் சுழலும், இழுக்கும்போது அதிகச் சுமையைத் தன்மேல் வாங்கி அதிகமாகச் சூடேறும். ஒரே இன்வெர்ட்டர் ஒரு போகியின் எல்லா மோட்டாருக்கும் மின்சாரம் தரும் எஞ்சினில் இது இன்னும் முக்கியம். உங்கள் எஞ்சினின் கையேட்டில் எழுதிய வரம்பைத் தாண்டினால் அந்த ஜோடியைத் திருப்பி அனுப்புங்கள். இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே உள்ள தூரத்தைச் சுற்றிலும் மூன்று இடங்களில் அளக்க வேண்டும். 1435 மி.மீ. பாதைக்கு வழக்கமாக 1360, 1676 மி.மீ. பாதைக்கு 1600. பழைய வகை சஸ்பென்ஷன் பேரிங் என்றால் எண்ணெய்க் குழியில் தண்ணீர் நின்றிருக்கிறதா பார்த்து வடித்து, புது எண்ணெய் ஊற்றி, திரி ஆக்சிலைத் தொடுகிறதா என்று சரிபாருங்கள். மெகர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வைத்து இன்சுலேஷனும் பார்த்துவிடுங்கள், திறந்த வெளியில் கிடந்த மோட்டார் ஈரம் குடித்திருக்கும்.

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ்தான், அதை நீட்டவில்லை. ஒன்று மட்டும்: அங்கே வெல்டிங் செய்ய நேர்ந்தால் எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் துண்டிலேயே மாட்டுங்கள். மின்சாரம் பேரிங் வழியாகத் திரும்பினால் உருளைகளில் பொறிக்குழி விழும், சில வாரத்தில் அதே ஆக்சில் மறுபடி உங்களைக் கூப்பிடும்.

கேபிள் பூட்டியதும் திசை பார்க்க வேண்டும். மற்ற மோட்டார்களை வெட்டிவிட்டு, புதியதை மட்டும் முதல் நாட்சில் (வேகப் பிடியின் முதல் படியில்) ஒரு நொடி தள்ளச் சொல்லுங்கள். எஞ்சின் முன்னால் சாய்ந்தால் சரி. பின்னால் சாய்ந்தால் டிசியில் ஃபீல்டு கேபிள் மாறியிருக்கிறது, ஏசியில் ஏதோ இரண்டு ஃபேஸ் மாறியிருக்கிறது. அதைப் பார்க்காமல் ஓட்டினால் ஒரு மோட்டார் மற்ற ஐந்தையும் எதிர்த்து இழுக்கும்.

பிரேக் சோதனை முடிந்ததும் கியர் கேஸின் அடிப்பகுதிக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளி, கப்லர் (பெட்டியைக் கோக்கும் கொக்கி) உயரம், மணல் குழாயின் முனை மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நடை வேகத்தில் சில நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி, ஆக்சில் பாக்ஸ், சஸ்பென்ஷன் பேரிங், கியர் கேஸ் மூன்றின் சூட்டையும் பக்கத்து ஆக்சிலோடு ஒப்பிடுங்கள். கொஞ்சம் வேகம் கூட்டி மறுபடி பாருங்கள். புதிய ஆக்சில் மற்றவற்றோடு ஒத்துப்போனால் பெட்டிகள் எதையும் கோக்காமல் ஷெட் வரை தனியாக அனுப்புங்கள். அங்கே பிட்டில் (அடியில் நின்று பார்க்கும் குழியின் மேல்) நிறுத்தி எல்லா போல்ட்டையும் டார்க் ரென்ச்சால் மறுபடி ஒருமுறை இறுக்கிய பிறகுதான் சுமை.